கயிற்றருகே மகளை அனுப்பலாமா?

சயான் கோலிவாடாவிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

கரைக்கு வரும் கப்பலைக் கயிற்றால் கட்டி நிறுத்தும் வேலையில் கயிறு அறுந்து உங்கள் கணவரின் கால் போயிருக்கிறது. இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவுக் கருவிப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளோ, கப்பல் கயிற்றின் இழுவிசையை அளப்பதையே புராஜெக்டாக எடுத்திருக்கிறாள். ‘அந்தக் கயிறு எங்கள் வீட்டை விடாதா?’ என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

மும்பையில் பெரிய ஓதத்தின்போது சில மணி நேரத்திற்குள் கடல் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். சரக்கு இறங்க இறங்கக் கப்பலும் மேலெழும். கவனிக்காவிட்டால் ஒரு கயிறு தொய்ய, இன்னொன்று விறைக்கும். பாரமெல்லாம் விறைத்ததன் தலையில். அது அறுந்தால் சுமை பக்கத்துக் கயிற்றுக்குத் தாவும். செயற்கை இழைக் கயிறு பல நேரங்களில் சத்தமே காட்டாமல் அறுந்து சாட்டையாகத் திரும்பும். உங்கள் கணவருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

எண்ணெய், எரிவாயுக் கப்பல்கள் வந்து நிற்கும் மேடைகளான ஜெட்டிகள் பலவற்றில் கயிறு மாட்டும் கொக்கியிலேயே லோடு செல் பொருத்துகிறார்கள். மளிகைக் கடையின் மின்னணுத் தராசுக்குள் இருக்கும் அதே சங்கதிதான்: உலோகம் இம்மியளவு நெளிவதை மின்தடை மாற்றமாகப் படிப்பது. எந்தக் கயிறு எத்தனை டன் தாங்குகிறது என்பது கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரியும்; எல்லையை நெருங்கினால் அலாரம் அடிக்கும். விறைப்பைப் பார்க்க ஆள் கயிற்றருகே போக வேண்டிய தேவை குறைகிறது. உங்கள் மகள் கற்பது அந்த வேலையை.

ஆனால் ஜெட்டிக்கே போக வேண்டாம் என்று நான் சொன்னால் அது பொய். கருவி பழுதானால் போகத்தான் வேண்டும். எனவே நேர்முகத் தேர்வில் அவள் கூசாமல் கேட்கட்டும்: பழுது பார்ப்பது கப்பல் இல்லாத நேரத்திலா, கட்டியிருக்கும்போதா? பதிலில் மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

இந்த வேலையின் பெயரிலேயே விளம்பரம் வரும் என்று காத்திருக்காதீர்கள். துறைமுகக் கருவிகளை நிறுவிப் பராமரிக்கும் நிறுவனங்களில் ஆட்டோமேஷன் பிரிவைப் பார்க்க வேண்டும். அவள் கற்க வேண்டியவை பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி), ஸ்காடா (கருவிகளைத் திரையில் கண்காணிக்கும் மென்பொருள்), கருவிகளின் அளவுத்திருத்தம், வெடிவாயு சூழும் இடங்களுக்கான மின்கருவி விதிகள்: இவற்றில் கடைசியானதைப் பிள்ளைகள் தொடுவதே இல்லை, எண்ணெய் ஜெட்டியில் அதுதான் முதலில் கேட்கப்படும். கப்பலிலுள்ள கட்டுக்கயிறுகளைப் பரிசோதித்துப் பராமரிப்பதைப் பற்றிய சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதிகளும் 1.1.2024 முதல் பழைய கப்பல்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்துகின்றன, அதையும் படிக்கட்டும். மேற்படிப்பு என்றால் கேட் நுழைவுத் தேர்வு எழுதி சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறைக்கு முயலலாம். கடலோடும் வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் ஏஜென்ட்டுகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

புராஜெக்ட் வரைபடத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் காட்டச் சொல்லுங்கள். அலாரம் விளக்கை எங்கே வைத்தால் கயிறு கட்டுபவரின் கண்ணில் படும் என்று அவள் அவரிடம் கேட்கட்டும்.