பூத்தது தெரியறதுக்குள்ள உதிர்ந்து போயிடுதே!

கேள்வி: நான் மதுரைப் பொண்ணு, கல்யாணம் ஆகி 9 வருஷமா கோத்தகிரி பக்கம் இருக்கேன். வீட்டைச் சுத்தி நல்ல இடம், டேலியா, ஹைட்ரேஞ்சியா, ரோஸ்னு ஆசை ஆசையா வெச்சேன். ஆனா காலைல அஞ்சரைக்கு எழுந்து டிபன் கட்டி, பசங்களை வேன் ஏத்தி, நானும் ஸ்கூலுக்கு ஓடி (டீச்சரா இருக்கேன்), திரும்பி வர்றதுக்குள்ள மிஸ்ட் இறங்கிடும். ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்தா பூ உதிர்ந்து கிடக்கும், இல்லேன்னா அத்தை சாமிக்குப் பறிச்சிருப்பாங்க, மிச்சத்தை 3 வயசு சின்னவன் பிச்சுப் போட்டிருப்பான். மே மாசம் எல்லாம் பூக்கும்போது வீடு நிறைய சொந்தக்காரங்க. ஊர்ல இருந்து கொண்டு வந்த மல்லிச் செடியும் ரெண்டு தடவை பனியில கருகிடுச்சு. இந்தத் தோட்டம் யாருக்காகன்னு இருக்கு, எல்லாத்தையும் எடுத்துடலாமான்னு கூட தோணுது.
- வாசகி, கோத்தகிரி

பதில்:

எடுத்துடாதீங்கம்மா, தயவுசெஞ்சு. உங்க லெட்டரைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன், ஏன்னா 30 வருஷத்துக்கு முன்னாடி குன்னூர்ல நானும் இதே நிலைமைலதான் இருந்தேன். வீட்டுக்குப் பின்னாடி சரிவுல நல்லா வெயில் படுதேன்னு அங்க கொண்டு போய் டேலியா போட்டேன், செடி அருமையா வந்துச்சு, ஆனா குப்பை கொட்டப் போனாத்தான் அந்தப் பக்கம் போவேன், அதனால முதல் வருஷம் நான் பாத்தது காஞ்சு தொங்கின தலையை மட்டும்தான். அடுத்த வருஷம் காட்டெருமை ராத்திரில புகுந்து மொத்தத்தையும் மிதிச்சுட்டுப் போயிடுச்சு, அதுவே ரெண்டு நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அன்னிக்கு உக்காந்து அழுதேன். அழுது முடிச்சப்புறம்தான் உறைச்சுது, நான் நடமாடாத இடத்துல பூவை வெச்சுட்டு பூ என்னைத் தேடி வரணும்னா எப்படி வரும்?

உங்களுக்கு நேரம் கிடைக்காதும்மா. பசங்க கொஞ்சம் பெருசாகற வரைக்கும் சேர் போட்டு உக்காந்து தோட்டத்தைப் பாக்கற நேரம் கிடைக்கவே கிடைக்காது, அதை இப்பவே மனசுல போட்டுக்கிட்டு தோட்டத்தை அதுக்கு ஏத்த மாதிரி மாத்திடலாம். ஒரே ஒரு நாள், காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நீங்க எங்கெங்க நிக்கறீங்கன்னு மட்டும் பாருங்க. அடுப்படி ஜன்னல், துணி காயப்போடற கம்பி, பாத்திரம் தேய்க்கற இடம், வேனுக்குக் காத்திருக்கற கேட்டு. இந்த நாலு இடத்துக்குத்தான் நல்ல பூ வரணும். மிச்ச இடத்துல புல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

அடுப்படி ஜன்னலுக்கு நேரா என்ன வைக்கணும்னு கேட்டா யோசிக்காம சொல்வேன், ஹைட்ரேஞ்சியா. உங்ககிட்டயே இருக்கே. டேலியா ஒரு வாரத்துல முகம் வாடிடும், ரோஸ் அதுக்கும் முன்னாடி கொட்டிடும், உங்களை மாதிரி ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை பாக்கறவங்களுக்கு அதெல்லாம் மனசைத்தான் நோகடிக்கும். ஹைட்ரேஞ்சியா அப்படி இல்ல, வாரக்கணக்குல நிக்கும், ஏன்னா அதுல நாம இதழ்னு நினைக்கறது இதழே இல்லம்மா, அது புல்லி இதழ், மொட்டை மூடியிருக்குமே அந்தப் பகுதிதான் பெருசா கலர் கலரா விரியுது, நிஜப் பூ நடுவுல கடுகு சைஸ்ல உக்காந்திருக்கும், கிட்டப் போய்ப் பாருங்க. அதனாலதான் அது உதிராம நீலத்துல இருந்து பச்சைக்குப் போய், அப்புறம் ஒரு மங்கின மெரூன் கலர் வரைக்கும் போகுது.

எங்க அடுப்படி ஜன்னலுக்கு வெளிய இப்ப 4 செடி இருக்கு. ஆகஸ்ட் மாசம் காலைல ஜன்னல் கண்ணாடி பூரா ஆவி படிஞ்சிருக்கும், முந்தானையால ஒரு வட்டம் துடைச்சா அந்த வட்டத்துக்குள்ள ஒரு கொத்து, தண்ணியைக் குடிச்சு கனத்துப் போய்த் தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கும், ஒவ்வொரு சொட்டா நுனியில சேர்ந்து சேர்ந்து விழும், ஒரு சொட்டு விழுந்ததும் கொத்து மொத்தமும் லேசா மேல எழும்பி மறுபடி தொங்கும். குக்கர் மூணாவது விசில் வர்ற வரைக்கும் அதைத்தான் பாத்துட்டு நிப்பேன். என்னைக் கேட்டா அந்த மூணு விசில் நேரம் போதும், மே மாசக் கண்காட்சிக்குக் கூட்டத்துல இடிபட்டுப் போய்ப் பாத்த எந்தப் பூவும் அந்த அளவுக்கு என் மனசுல நிக்கல.

அந்த 4 செடியும் ஒரே தாய்ச்செடியில இருந்து வெட்டி வெச்சதுதான். ஆனா சிமெண்ட் தொட்டிக்குப் பக்கத்துல இருக்கறது ரோஸ் கலர், தள்ளிக் கடைசியில இருக்கறது நல்ல நீலம், நடுவுல ரெண்டும் ஊதாவா இல்ல ரோஸான்னு தெரியாம ஒரே கொத்துல ரெண்டு கலரும் வரும். நம்ம மண்ணு தேயிலைக்கு ஏத்த புளிப்பு மண்ணு, அந்த மண்ணுல அலுமினியம் கரைஞ்சு வேருக்குக் கிடைக்கும், அது கிடைச்சா நீலம். சிமெண்ட்டுல இருந்து சுண்ணாம்பு கசிஞ்சா புளிப்பு குறைஞ்சு அலுமினியம் கிடைக்காம ரோஸ் ஆகிடும். நீங்க டீச்சராச்சே, மூத்த பிள்ளையை வெச்சு ரெண்டு தொட்டில செஞ்சு பாருங்க, ஒண்ணுல மாசம் ஒருக்கா கொஞ்சம் சுண்ணாம்புத் தூள், இன்னொண்ணுல ஒண்ணும் போடாதீங்க, அடுத்த வருஷப் பூவுல தெரியும். வெள்ளை ரகம் மட்டும் எந்த மண்ணுலயும் நீலமா மாறாது, அதை எடுத்து ஏமாந்துடாதீங்க.

ஒண்ணு முக்கியம், ஹைட்ரேஞ்சியாவை டிசம்பர் ஜனவரில குச்சியா நிக்குதேன்னு மொட்டையடிச்சுடாதீங்க. அடுத்த சீசனுக்கான மொட்டு பழைய தண்டுலயே முன்கூட்டியே உருவாகிடும், அப்ப வெட்டினா மொட்டையும் சேர்த்து வெட்டின மாதிரி, வருஷம் பூரா இலைதான் பாக்கணும். கவாத்து பண்ணணும்னா பூ முடிஞ்ச உடனே பண்ணிடுங்க.

இப்ப அத்தை விஷயத்துக்கு வர்றேன். உங்க வருத்தம் புரியுது, ஆனா இந்த இடத்துல நான் அத்தை பக்கம்தான் நிப்பேன், கோவிச்சுக்காதீங்க. டேலியா, செண்டுமல்லி, காஸ்மாஸ், ஜீனியா இதெல்லாம் பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும். பூவைச் செடியிலயே விட்டா அது விதை பிடிக்கப் போயிடும், விதை பிடிச்சுட்டா செடிக்கு அடுத்த பூ வைக்கணும்ங்கற அவசரமே போயிடும். உங்க டேலியா இத்தனை பூக்குதுன்னா அதுல உங்க அத்தை கூடைக்கும் பங்கு இருக்கு. காலைக் குளிர்ல ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இறங்கிப் போய் ஒருத்தங்க பூ பறிக்கறாங்கன்னா அவங்களுக்கும் அந்தத் தோட்டம்தானே சந்தோஷம்?

அவங்களுக்குன்னு ஒரு பாத்தி போட்டுக் குடுத்துடுங்க, சாமி ரூமுக்குக் கிட்ட, குனிஞ்சு சிரமப்படாம பறிக்கற மாதிரி கொஞ்சம் மேடா. செண்டுமல்லியும் செவ்வந்தியும் போதும். "அத்தை, ஜன்னல் பக்கம் இருக்கறது மட்டும் எனக்கு விட்டுடுங்க, மத்ததெல்லாம் நீங்க பறிங்க"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. 9 வருஷத்துல இதை ஒருதரமாவது சொல்லியிருக்கீங்களா? லெட்டர்ல அப்படித் தெரியல. நானும் எங்க மாமியாரும் ஒரு காலத்துல ரொம்பப் பேசிக்க மாட்டோம், செடி விஷயம் மட்டும்தான் பேசுவோம், "அந்தக் கிழங்கை எடுத்து வெச்சியா", "வெச்சுட்டேன் அத்தை", அவ்வளவுதான், ஆனா அவங்க போனதுக்கு அப்புறம் எனக்கு ஞாபகம் வர்ற பேச்செல்லாம் அதுதான்.

செவ்வந்தி வெச்சா ஒண்ணு கவனிங்க. அது ராத்திரி நீளமான நாள்லதான் மொட்டு வைக்கும், அதனாலதான் ஐப்பசி கார்த்திகைல இருந்து தை வரைக்கும் அதோட காலம். எங்க வீட்டுல ஒரு வருஷம் வராண்டா லைட்டுக்குக் கீழ இருந்த தொட்டி மட்டும் தளதளன்னு வளர்ந்துச்சு, ஒரு மொட்டு கிடையாது, உரம் போட்டேன், மருந்து அடிச்சேன், கடைசில பாத்தா லைட்டு ராத்திரி பூரா எரியறதால செடிக்கு ராத்திரியே வரல. பாலிஹவுஸ்ல செவ்வந்தி போடறவங்க லைட்டு போட்டுப் பூவைத் தள்ளிப்போடறதும் இதே கணக்குதான். தொட்டியை ஆறடி தள்ளி இருட்டுல வெச்சேன், பூத்துருச்சு.

சின்னவன் பிச்சுப் போடறான்னு எழுதியிருக்கீங்க. பிய்க்கட்டும்மா, ஆனா அவன் பிய்க்கறதுக்குன்னே செடி வையுங்க. நாஸ்டர்ஷியம் விதை நாலு தூவினா போதும், நம்ம மலைல அது தானா விழுந்து தானா முளைச்சுக்கும், பூவும் இலையும் சாப்பிடலாம், லேசா மிளகு காரம் இருக்கும். டாக் ஃப்ளவர் வெச்சுக் குடுங்க, ரெண்டு பக்கமும் அமுக்கினா வாயைத் திறக்கும், அரை மணி நேரம் அவன் உங்களைத் தேட மாட்டான். ஃபுக்சியாவை எங்க வீட்டுல ஜிமிக்கிப் பூன்னுதான் சொல்வோம், அதோட மொட்டை அமுக்கினா பட்டுனு வெடிக்கும், என் பசங்க ஸ்கூலுக்குக் கிளம்பறப்போ ஆளுக்கு அஞ்சு வெடிச்சுட்டுத்தான் போவாங்க. கேட்டுப் பக்கத்துல தொங்க விடுங்க, வேன் வர்ற வரைக்கும் நேரம் போகும். ஆனா ஊமத்தை மாதிரி பெரிய பெரிய மணியா தலைகீழாத் தொங்குமே, சாயங்காலம் வாசனை அடிக்கும், நம்ம ரோட்டோரமெல்லாம் நிக்குமே, அது உங்க காம்பவுண்டுக்குள்ள இருந்தா இன்னிக்கே வெட்டி எடுத்துடுங்க. இலை, பூ, விதை எல்லாமே விஷம், 3 வயசுப் பிள்ளை இருக்கற வீட்டுல அது வேண்டவே வேண்டாம். அரளியும் அப்படித்தான். ஹைட்ரேஞ்சியாவையும் கால்லா லில்லியையும் கூட வாயில வைக்கக்கூடாதுன்னு சொல்லி வையுங்க.

மே மாசத்தைப் பத்தி எனக்கு ரொம்பச் சொல்ல இல்ல. ஊட்டில ரோஸ் கார்டன்ல எல்லாம் ஜனவரி வாக்குல கவாத்து பண்றதே ஏப்ரல் மே சீசனுக்குப் பூக்கணும்னுதான், நீங்களும் அதே நேரத்துல வெட்டினா சொந்தக்காரங்க வர்றப்போதான் பூக்கும். பாதி ரோஸை மட்டும் ஜனவரில வெட்டுங்க, மீதியைப் பிப்ரவரி கடைசில வெட்டுங்க. வந்தவங்க எல்லாம் போய், வீட்டைக் கழுவி விட்டு, ஒரு டீயைப் போட்டுக்கிட்டு வெளிய வர்றப்போ அது பூத்திருக்கும்.

மல்லி. அதைப் படிக்கும்போதுதான் எனக்குத் தொண்டை அடைச்சுது. மதுரைல இருந்து வந்த பொண்ணுக்கு மல்லி இல்லாத வீடுன்னா அது என்னன்னு எனக்குத் தெரியும். ஆனா குண்டுமல்லிக்கு நல்ல சூடு வேணும்மா, அதைத் திறந்தவெளில வெச்சு நம்ம மார்கழிகிட்ட விட்டா அது தாங்காது. வானம் தெளிவா, காத்தில்லாம இருக்கற ராத்திரிதான் ஆபத்து, குளிர் காத்து கனமா பள்ளத்துல போய்த் தேங்கும், அங்க இருக்கற செடிதான் முதல்ல கருகும். தொட்டில வெச்சு, தெற்கு பாத்த சுவரோரமா கூரைக்குக் கீழ கொண்டு வாங்க, இருட்டறதுக்கு முன்னாடி பழைய சேலையால மூடுங்க, துணி இலை மேல படாம நாலு குச்சி நட்டு அது மேல போடுங்க. ஊட்டி தாவரவியல் பூங்காவுலயே பனிக்காலத்துல நாத்தையெல்லாம் மிலார்ங்கற செடியை வெச்சு மூடி, காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சுத்தான் காப்பாத்தறாங்க. இவ்வளவு செஞ்சும் ஊர் மல்லி மாதிரி கொட்டாது, சித்திரை வைகாசில பத்து இருபது பூ குடுத்தா பெரிய விஷயம்.

அதோட பாலியாந்தம்னு ஒரு கொடி மல்லி இருக்கு, நர்சரில கேட்டா குடுப்பாங்க. அதுக்கு நேர்மாறா ராத்திரி குளிர் பட்டாத்தான் மொட்டே வைக்கும். மொட்டு ரோஸ் கலர்ல இருக்கும், விரிஞ்சா வெள்ளை, பனி முடியற நேரத்துல கொத்துக் கொத்தா பூத்து வாசனை வீட்டுக்குள்ள வரைக்கும் வரும். சரமாத் தொடுத்துத் தலையில வைக்க நம்ம மல்லி மாதிரி வராது, உண்மையைச் சொல்லிடறேன். துணி காயப்போடற கம்பியோட தூண்ல ஏத்தி விடுங்க, பசங்க யூனிஃபார்மை எடுத்து மடிக்கறப்போ வாசனை அடிக்கும்.

இந்த இதழ் உங்க கைக்கு வர்றப்போ ஆடிச் சாரல் அடிச்சுட்டு இருக்கும், பெரிய மழை நம்ம பக்கம் ஐப்பசிலதான். குச்சி வெட்டி நடறதுக்கு இதை விட நல்ல நேரம் இல்ல. ஹைட்ரேஞ்சியால பூ வைக்காத கிளையாப் பாத்து, ரெண்டு கணு இருக்கற மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்க, கீழ் இலையைக் கிள்ளிட்டு மேல் இலையைப் பாதியா நறுக்கி, அடுப்படி ஜன்னலுக்கு வெளிய நிழலா இருக்கற இடத்துல ஊணிடுங்க. நாலஞ்சு குச்சியா வையுங்க, ஒண்ணு ரெண்டு போனாலும் மிச்சம் பிடிக்கும். எந்தக் கிளை நல்ல கிளைன்னு அத்தையையே காட்டச் சொல்லுங்க.