மகள் சங்கக் கிளைச் செயலாளர் ஆகலாமா? பாலக்கோட்டு ஆசிரியர் ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். முனைவர் பட்டம் முடித்தவர், தகுதிகாண் பருவத்தையும் சென்ற வருடம் முடித்துவிட்டார். இப்போது அங்குள்ள ஆசிரியர் சங்கக் கிளைக்கு அவரைச் செயலாளராக நிற்கச் சொல்கிறார்கள். "பாப்பா சரி என்று சொல்லிவிடும் போல இருக்கிறது, நீங்கள்தான் தடுக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது.

2003 ஜூலையில் நீங்கள் பணியில் இருந்தவர். வேலைநிறுத்தத்தில் இருந்த அரசு ஊழியர், ஆசிரியர் என ஏறக்குறைய 1,70,000 பேர் டெஸ்மா எனப்படும் தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வேலையை இழந்த மாதம் அது. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றே தீர்ப்பு சொன்னது. மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலானவர்கள் திரும்பச் சேர்ந்தார்கள். நீங்களும் எழுதிக் கொடுத்தீர்கள் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள் ஐயா. அன்று வேலை போனவர்களில் பெரும்பாலோர் சங்கத்தில் எந்தப் பொறுப்பிலும் இல்லாத சாதாரண ஊழியர்களும் ஆசிரியர்களும்தான். வேலைநிறுத்தம் செய்ததற்குத்தான் தண்டனை, சங்கத்தில் இருந்ததற்கு அல்ல. சங்கம் வைப்பது அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தரும் உரிமை. வேலைநிறுத்தத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பொறுப்புக்கு வருகிற யாரும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் இது.

சங்கம் என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்கு ஓசூர் சிப்காட் ஆலைக் கதவும், கொடியும், ஷிப்ட் முடிந்து நடக்கும் வாயிற்கூட்டமும்தான் மனதில் வரும். பல்கலைக்கழகக் கிளைச் செயலாளரின் வாரத்தில் ஆர்ப்பாட்டம் அபூர்வம். அவர் வேலையில் பெரும்பகுதி காகிதமும் காது கொடுத்துக் கேட்பதும்தான்.

காலை முதல் வகுப்பு முடிந்து வருவதற்குள் ஒருவர் காத்திருப்பார். அவருடைய பணி மேம்பாட்டுக் கோப்பு எட்டு மாதமாக ஒரே மேஜையில் கிடக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கௌரவ விரிவுரையாளர் வருவார். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019 ஜனவரியில் சொன்ன சுற்றறிக்கையை அச்செடுத்துக் கையில் வைத்திருப்பார், தன் கைக்கு வரும் தொகை அதற்குப் பக்கத்தில்கூட இல்லை என்பார். மூன்று மணிக்கு, ஒப்பந்ததாரரிடம் வேலை செய்யும் துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருவர் தயங்கித் தயங்கிக் கதவருகே நிற்பார். அவர் ஆசிரியர் சங்க உறுப்பினர் இல்லை. ஆனாலும் கேட்கப் போகிற இடம் வேறு அவருக்கு இல்லை. சம்பளத்தில் பிஎஃப் பிடிக்கிறார்கள், கணக்கில் ஏறுகிறதா என்று தெரியவில்லை. அவருடைய பிஎஃப் கணக்குக்கான யூஏஎன் எண்ணைப் போட்டுப் பாஸ்புக்கைத் திறந்து காட்டினால் பாதி விஷயம் அங்கேயே தெளிந்துவிடும். மீதிப் பாதிக்குக் கடிதம் எழுத வேண்டும்.

எழுதுவது என்று சொன்னேன் இல்லையா, அதில் நான் பட்டது ஒன்று உண்டு. இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் நான்கு ஆண்டுகள் கிளைப் பொறுப்பில் இருந்தேன். தற்காலிகப் பணியில் இருந்த ஒரு சகோதரிக்கு மகப்பேறு விடுப்புக் கேட்டு மேலதிகாரியின் அறைக்கு நேரில் போனேன். "செய்துவிடலாம்" என்றார், நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பேச்சே நடக்கவில்லை என்றார். சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும், 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். ஆனால் நான் கேட்டேன் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அந்தப் பெண் வேலையை விட்டே போனார். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. அன்றிலிருந்து எந்த மனுவையும் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நான் திரும்பியதில்லை. உங்கள் மகளுக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லித் தரலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இதைவிடக் கஷ்டமான இடம் வேறு. புகார் கொடுப்பவரும் சங்க உறுப்பினர், யார் மேல் புகாரோ அவரும் உறுப்பினர், இருவரும் சந்தா கட்டியவர்கள். அதுவும் பாலியல் தொந்தரவுப் புகார் என்றால், "வெளியே போனால் நமக்குத்தான் கெட்ட பெயர், உள்ளேயே பேசி முடித்துவிடலாம்" என்று மூத்தவர்களே சொல்வார்கள். உங்கள் மகள் அதற்கு ஒருபோதும் இடம் கொடுக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டியது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். சங்க அறையில் பஞ்சாயத்து பேசிக் கழித்த ஒவ்வொரு நாளும் அந்தப் பெண்ணின் கெடுவிலிருந்து கழிகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயமான விசாரணை கேட்கும் உரிமை உண்டு, அதற்கு உதவப் பொறுப்பாளர்களில் வேறொருவரை விட்டுவிடலாம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள் பேச முடியாது. இப்படி ஒரு முடிவெடுத்த பிறகு பத்துப் பேராவது அவரிடம் பேச்சை நிறுத்துவார்கள். அந்த வாரங்களில் வீட்டில் அவருக்குத் துணை வேண்டும்.

சரி, வேலைக்கு ஆபத்து வருமா என்று நீங்கள் நேராகவே கேட்டிருக்கிறீர்கள். கிளைச் செயலாளராக இருப்பதாலேயே வேலை போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. சிறிய சங்கடங்கள் வரும். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரலாம், கால அட்டவணையில் முதல் வகுப்பும் கடைசி வகுப்பும் அவர் தலையில் விழலாம். ஒழுங்கு நடவடிக்கை ஒன்று நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பெரிய தண்டனைக்கு வழிவைக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையான 17பி என்ற எண்ணுக்கு நம் ஊர் ஆசிரியர் வீடுகளில் விளக்கம் தேவையில்லை. கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியருக்கு இன்னொரு குறையும் உண்டு. ஆசிரியர் 'தொழிலாளர்' என்ற சட்ட வரையறைக்குள் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லிவிட்டது. அதனால் தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவு அவருக்குத் திறக்காது, பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். செலவும் அதிகம், காலமும் அதிகம்.

ஆனால் நான் பயப்படுவது இதற்கெல்லாம் அல்ல, நேரத்துக்கு. பிரிட்டனில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிர்வாகம் அங்கீகரித்த சங்கத்தின் பொறுப்பாளர்களுக்குச் சங்க வேலை செய்யச் சம்பளத்துடன் நியாயமான அளவு நேரம் ஒதுக்கித் தர வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகக் கிளைகளில் அதைக் கணக்கிட்டு வகுப்புகளையே குறைத்து வாங்குகிறார்கள். அப்படியிருந்தும் நேரம் போதவில்லை என்ற குரல் அங்கேயும் கேட்கிறது. இங்கே உங்கள் மகள் முழு வகுப்பும் எடுத்து, விடைத்தாளும் திருத்தி, இரவு ஒன்பது மணிக்கு மேல் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டே உறுப்பினர்களின் போனை எடுக்க வேண்டியிருக்கும். சம்பந்தி வீட்டில் முதலில் மனக்கசப்பு வருவது அந்தப் போனால்தான், கொள்கையால் அல்ல.

அவருடைய கணக்கைப் பாருங்கள். முனைவர் பட்டம் உள்ள உதவிப் பேராசிரியர் அடுத்த நிலைக்குப் போக யுஜிசி 2018 விதிப்படி நான்கு ஆண்டு பணி வேண்டும், அதோடு புத்தொளிப் பயிற்சி, ஆய்வுக் கட்டுரை எல்லாம் வேண்டும். அவருக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. கிளைப் பொறுப்பில் இருந்தபோது என் சொந்த ஆராய்ச்சியை மூன்று ஆண்டு தள்ளிப்போட்டேன், அதைச் செய்யச் சொல்லி எந்த நிர்வாகமும் என்னைத் தண்டிக்கவில்லை, நானேதான் செய்தேன். அதனால் என் யோசனை இதுதான். இந்த முறை அவர் துணைச் செயலாளராக நிற்கட்டும். ஒரு பதவிக்காலம் மனு எழுதவும் மினிட் புத்தகம் எழுதவும் பேச்சுவார்த்தை மேஜையில் வாய் திறக்காமல் கவனிக்கவும் கற்றுக்கொள்ளட்டும். முதல் பதவி உயர்வு கைக்கு வந்த பிறகு செயலாளர் ஆகட்டும். இப்போதே செயலாளர்தான் என்று அவர் முடிவெடுத்தால், இரவு போனை முறை வைத்து எடுக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டுத்தான் மனுத்தாக்கல் செய்ய வேண்டும்.

இதனால் எதிர்காலத்தில் ஏதாவது பலன் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். பலனை நினைத்து யாரும் இதில் இறங்கக் கூடாது. ஆனால் விதிகளைப் படிக்கத் தெரிந்த ஆசிரியர் பல்கலைக்கழகத்தில் குறைவு. அப்படிப்பட்டவர்கள் பின்னாளில் ஆட்சிப் பேரவைக்கு (செனட்) ஆசிரியர் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்படுவதும் உண்டு.

நிற்பதற்கு முன் அவர் மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்க வேண்டும். சங்கத்தின் பதிவுச் சான்று, பைலா என்கிற சங்க விதிமுறைகள், கடைசி மூன்று வருட வரவு செலவு. தொழிற்சங்கமாகப் பதிவானதா, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானதா என்பதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பிறந்த சில ஆண்டுகளிலேயே, அதன் தலைவர் வாடியா மேல் பின்னி ஆலை நிர்வாகம் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. அந்த அடியிலிருந்துதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும், பொறுப்பாளர்களுக்கு அது தந்த பாதுகாப்பும் வந்தன. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. கிளை எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறது என்று இப்போதைய செயலாளருக்கே சொல்லத் தெரியவில்லை என்றால், அதைச் சரி செய்யும் வரை பொறுத்திருப்பது நல்லது. வரவு செலவைக் காட்டத் தயங்கினால் நிற்கவே வேண்டாம்.

இன்னொன்று. 2003இல் சம்பளம் நின்ற அந்த நாட்களில் உங்கள் வட்டாரச் செயலாளர் அரை மூட்டை ராகியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வீடு வீடாக வந்தார் என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் அப்போது வேலை இல்லை. இதை மகளிடம் சொன்னதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து, அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு அவரே முடிவெடுக்கட்டும். அப்புறம் இருவருமாக ஒரு சனிக்கிழமை தர்மபுரிக்கு வாருங்கள், பைலாவை உட்கார்ந்து படித்துவிடலாம்.