துடைப்பக் கட்டையிலிருந்து ஆரம்பியுங்கள்

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 4-இல் படிக்கிறாள். பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட ஒருவரைப் பற்றித் தமிழ் வகுப்பில் மூன்று நிமிடம் பேச வேண்டும். நியூசிலாந்தின் கேட் ஷெப்பர்ட் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது வரியிலேயே கொட்டாவி விடுகிறாள். “அவங்க ஏன் ஓட்டுப் போடக்கூடாது? என்ன தப்பு செஞ்சாங்க?” என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.
ஒரு தாய், ஈசூன்

பதில்: அன்புச் சகோதரி, கொட்டாவிக்குக் காரணம் உங்கள் மகள் இல்லை. பிறந்த ஆண்டில் ஆரம்பித்திருப்பீர்கள். அதில் புத்தகங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, விட்டுவிடுங்கள். லிவர்பூலில் பிறந்து, இளம்பெண்ணாகக் கப்பலேறி கிறைஸ்ட்சர்ச் வந்தவர் என்றால் போதும்.

அவள் கேட்ட கேள்விதான் கதையே. தப்பு ஒன்றும் இல்லை. ஓட்டு ஆண்களின் வேலை என்று ஆண்களே முடிவு செய்திருந்தார்கள், அவ்வளவுதான். 1885-இல் கேட் சேர்ந்திருந்த மதுவிலக்குச் சங்கத்துப் பெண்கள், சிறுவர்களுக்கு மது விற்கக்கூடாது என்று நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். எடுபடவில்லை. ஓட்டு இல்லாதவர் பேச்சு அம்பலம் ஏறுமா? சரி, முதலில் ஓட்டு என்று கேட் கிளம்பினார். இதைச் சொன்னால் ஒன்பது வயதுக்கு நன்றாகவே புரியும்.

அப்புறம் நேராகத் துடைப்பக் கட்டைக்கு வந்துவிடுங்கள். 1891-இல் ஒரு மனு, 1892-இல் இன்னொன்று. இரண்டும் பலிக்கவில்லை. 1893-இல் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கிய தாள்கள் கிறைஸ்ட்சர்ச்சில் கேட்டின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அவர் ஒவ்வொரு தாளின் நுனியிலும் பசை தடவி அடுத்ததை ஒட்டினார். ஒட்ட ஒட்ட, ஒரு துடைப்பக் கட்டையில் சுற்றிக்கொண்டே போனார். மொத்தம் 270 மீட்டருக்கும் மேல்! பேருந்து நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மட்டும் 25,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள். சர் ஜான் ஹால் என்ற உறுப்பினர் அந்தச் சுருளை நாடாளுமன்றத்துக்குள் உருட்டிவிட, அது விரிந்துகொண்டே ஓடி எதிர்ச்சுவரில் தொம்மென்று முட்டி நின்றது.

இதை வெறும் பேச்சோடு விடாதீர்கள், செய்து பார்க்கவும் சொல்லுங்கள். பழைய பயிற்சித்தாள்களை ஒட்டி, துடைப்பக் கட்டையில் சுற்றி, ஒருநாள் சாயங்காலம் உங்கள் புளோக் தாழ்வாரத்தில் உருட்டிவிடட்டும். பக்கத்து வீட்டாரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்!

பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் மசோதா மீது நாடாளுமன்ற மேலவையில் நடந்த வாக்கெடுப்பையும் விடாதீர்கள். எதிர்த்துவந்த இரண்டு பேர், பிரதமர் செடன் உள்ளே புகுந்து ஆள் பிடிக்கிறார் என்ற கடுப்பில் கடைசி நேரத்தில் மாற்றிப் போட்டார்கள். 20-க்கு 18. கோபத்தில் கிடைத்த வெற்றி என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஞாபகமும் இருக்கும். 1893 செப்டம்பர் 19-இல் சட்டமானது. அந்நாட்டின் பூர்வகுடிகளான மவோரிப் பெண்களுக்கும் அது பொருந்தியது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டுரிமை தந்த முதல் தன்னாட்சி நாடு அதுதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. “கேட் தனியாகப் போராடி வென்றார்” என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். கதவு கதவாகப் போனவர்கள் நூற்றுக்கணக்கான பெண்கள். தேர்தலில் நிற்கும் உரிமைக்கு 1919 வரை காத்திருந்தார்கள் என்பதையும் ஒரு வரி சேருங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேர்தல் என்றால் ஒருநாள் விடுமுறை. அதனால் கடைசி அரை நிமிடத்துக்குச் சிங்கப்பூருக்கு வரட்டும். 1959-இல்தான் இங்கே முதன்முறையாக வாக்களிப்பு கட்டாயமானது, அந்தத் தேர்தலில் ஐந்து பெண்கள் வென்றார்கள். கொள்ளுப்பாட்டி இருந்தால் அந்த நாளைப் பற்றிக் கேட்டு வரச் சொல்லுங்கள். நீங்களும் நானும் எழுதிக் கொடுப்பதைவிட அவர் சொல்வது சுவையாக இருக்கும்.

அடுத்தமுறை தேக்கா பக்கம் போகும்போது, நாணய மாற்றுக் கடையில் நியூசிலாந்துப் பத்து டாலர் நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். கேட்டின் முகமும், ஆதரவாளர்கள் சட்டையில் குத்திக்கொண்ட வெள்ளைக் கமேலியாப் பூவும் அதில் இருக்கும். பின்பக்கம் ஒரு நீல வாத்து. வகுப்பில் முதல் கேள்வி வாத்தைப் பற்றித்தான் வரும், எதற்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்.