குறைந்த சேமிப்பு, பழைய கடன் பாக்கி: வீட்டுக் கடன் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: வீட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குதான் என்னிடம் சேமிப்பாக உள்ளது. கடன் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் அந்தச் சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிடும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். வீட்டின் மதிப்பில் எவ்வளவு வரை கடன் தரலாம் என்பதற்கான வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனுக்கு இந்த வரம்பு 90 சதவீதம். 75 லட்சத்தைத் தாண்டினால் 75 சதவீதம். அமெரிக்காவில் எஃப்எச்ஏ என்ற அரசு வீட்டுவசதி அமைப்பின் காப்பீட்டுக் கடனுக்கு, கடன் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுவீர்களா என்பதைக் கணிக்கும் எண்) 580 இருந்தால் 3.5 சதவீத முன்பணமே போதும். ஆனால் அதற்கான காப்பீட்டுப் பிரீமியத்தைக் கட்டுவது நீங்கள், அது காப்பது கடன் கொடுத்தவரை.

பத்திரப்பதிவு, வழக்கறிஞர், மதிப்பீடு ஆகிய செலவுகளைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை பெரும்பாலும் கையிலிருந்துதான் போகும். இவற்றுக்குப் பிறகும் ஆறு மாதத் தவணைக்கான தொகை மிஞ்ச வேண்டும் என்பது என் கருத்து. முன்பணத்துக்காகத் தனிநபர் கடன் வாங்குவதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. அந்தக் கடனின் தவணையும் உங்கள் வருமானத்திலிருந்தே கழிக்கப்படும் என்பதால், கிடைக்கக்கூடிய வீட்டுக் கடனும் சுருங்கிவிடும்.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் கிரெடிட் கார்டு பாக்கியை வங்கியுடன் பேசி, குறைத்துக் கட்டி முடித்தேன். இப்போது வீட்டுக் கடன் மறுக்கப்படுகிறது. ஏன்?

பதில்: நீங்கள் முடிந்ததாக நினைக்கும் அந்தக் கணக்கு, உங்கள் கடன் அறிக்கையில் (நீங்கள் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவில்) முழுமையாக அடைக்கப்பட்டதாக அல்லாமல் ‘செட்டில்டு’ என்றே பதிவாகியிருக்கும். முழுத் தொகையும் திரும்பி வரவில்லை என்பதே அதன் பொருள். முதலில் அறிக்கையை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். பிறகு அந்த வங்கியை அணுகி, விட்டுப்போன தொகையைச் செலுத்தினால் பதிவைத் திருத்துவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பணம் கட்டியதும் நிலுவையில்லாச் சான்றிதழைக் கட்டாயம் பெறுங்கள். பதிவே தவறாக இருந்தால், அந்த அறிக்கையைத் தயாரிக்கும் கடன் தகவல் நிறுவனத்திடம் ஆதாரத்துடன் திருத்தம் கோரலாம்.

அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபைகோ மதிப்பெண்ணில், தவணைகளை நாள் தவறாமல் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதமும், இருக்கும் கடன் அளவுக்கு 30 சதவீதமும் எடை தரப்படுகிறது. எனவே கார்டு வரம்பில் சிறு பகுதியை மட்டும் பயன்படுத்தி, ஓராண்டு பிசகாமல் கட்டிவந்தால் நிலைமை மேம்படும்.

குறைந்த மதிப்பெண்ணோடு இப்போதே கடன் தர ஒரு நிறுவனம் முன்வந்தாலும் வட்டியைப் பாருங்கள். 20 ஆண்டுக் கடனில் வட்டி 8 சதவீதத்திலிருந்து 9 சதவீதமானால், வாங்கிய தொகையில் ஏறத்தாழ 15 சதவீதத்தைக் கூடுதலாகக் கட்ட நேரிடும். ஓராண்டு பொறுப்பதால் வட்டி அந்த அளவு குறையுமானால், பொறுப்பதையே நான் சொல்வேன்.

கேள்வி: அடிக்கடி என் மதிப்பெண்ணைப் பார்த்தால் அது குறையுமா?

பதில்: குறையாது. கடன் கேட்டு நீங்கள் விண்ணப்பித்து, நிறுவனங்கள் அறிக்கையைக் கோரும்போதுதான் சிறிது குறையக்கூடும்.

கேள்வி: என் வருமானம் போதவில்லை. தம்பியை இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், இருவர் வருமானத்தையும் கூட்டிப் பார்ப்பதால் தகுதி உயரும். ஆனால் நீங்கள் கட்டத் தவறினால் முழுக் கடனையும் அவரிடம் கேட்க முடியும். தவறிய தவணை அவர் அறிக்கையிலும் ஏறும். நாளை அவர் தனக்கென்று வீடு வாங்க நினைத்தால், இந்தத் தவணை அவருடைய தகுதியைக் குறைக்கும். இவற்றையெல்லாம் கையெழுத்திடும் முன்பே அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயர் வருமா, வந்தால் எத்தனை பங்கு, தவணையை யார் கட்டுவது என்பவற்றை வழக்கறிஞர் மூலம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.