வி.பி.என். இணைந்துவிட்டது, ஃபோல்டர் ஏன் திறக்கவில்லை? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அலுவலக வி.பி.என். (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் பாதுகாப்பான இணைப்பு) வீட்டில் உடனே இணைந்துவிடுகிறது, 'கனெக்டட்' என்றும் காட்டுகிறது. ஆனால் கணக்குப் பிரிவின் பொது ஃபோல்டரைத் திறந்தால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று 80070035 என்ற எண்ணோடு நின்றுவிடுகிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் அதே லேப்டாப்பில் அதே ஃபோல்டர் திறக்கிறது. ஐ.டி. பிரிவில் கேட்டால் "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்கிறார்கள். யார் மேல் தப்பு?

பதில்: ஹாட்ஸ்பாட்டில் திறக்கிறது என்று எழுதினீர்களே, விடை அங்கேயே இருக்கிறது. பாஸ்வேர்டு, சர்வர், வி.பி.என். எதுவும் மாறவில்லை, மாறியது வீட்டு ரூட்டர் மட்டும்தான். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளையைக் கொடுத்து, வைஃபைக்குக் கீழே வரும் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். அது 192.168.1.23 போல இருந்து, அலுவலக சர்வரின் முகவரியும் 192.168.1.10 போல இருந்தால் ஆள் அகப்பட்டான்.

தனியார் நெட்வொர்க்குகள் பயன்படுத்திக்கொள்ள மூன்று தொகுதி எண்களை 1996-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற இணைய விதிமுறை ஆவணம் ஒதுக்கியது. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168 என்று தொடங்குபவை. இவற்றை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், அதனால் ரூட்டர் தயாரிப்பவர்கள் பலரும் 192.168.0 அல்லது 192.168.1 என்று வைத்தே பெட்டியை அனுப்புகிறார்கள், சின்ன அலுவலகத்துக்கு நெட்வொர்க் போட வந்தவரும் அதை மாற்றாமல் போய்விடுகிறார். இப்போது உங்கள் லேப்டாப் 192.168.1.10-ஐத் தேடும்போது, இது வீட்டுக்குள்ளேயே இருக்கிற முகவரிதானே என்று வைஃபையில் குரல் கொடுக்கிறது. வி.பி.என். பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வீட்டில் அந்த எண்ணில் யாரும் இல்லை, பதிலும் வராது. 'எல்லாப் போக்குவரத்தும் வி.பி.என். வழியே' என்ற தேர்வைப் போட்டாலும் பெரும்பாலும் பலனில்லை. பொதுவான வழியைவிடக் குறிப்பான வழிக்குத்தான் கம்ப்யூட்டர் முன்னுரிமை தரும், வீட்டு நெட்வொர்க்குக்கான வழிதான் இங்கே குறிப்பானது.

நானே ஒருமுறை இதில் சிக்கி, சர்வரின் ஃபயர்வால் (உள்ளே வருபவற்றை வடிகட்டும் காவல்) விதிகளை ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துப் போட்டு ஒரு மாலை முழுவதையும் வீணடித்திருக்கிறேன். கடைசியில் வேறு வழி தெரியாமல் சர்வர் முகவரியை பிரவுசரில் போட்டேன். என் வீட்டு மேசைக்குப் பக்கத்தில் இருந்த பிரிண்டரின் செட்டிங்ஸ் பக்கம், மை அளவோடு, வந்து நின்றது.

சரி, தீர்வு. வீட்டு ரூட்டரின் உள் முகவரியை 192.168.87.1 போல யாரும் சட்டென்று எடுக்காத எண்ணுக்கு மாற்றி, ரூட்டரையும் லேப்டாப்பையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். வீட்டில் நிலையான முகவரி கொடுத்து வைத்த பிரிண்டரோ கேமராவோ இருந்தால் அவற்றையும் புது எண்ணுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அந்த ஒரு சர்வருக்கு மட்டும் வி.பி.என். வழியாகத் தனி ரூட் சேர்க்கிற குறுக்குவழியும் உண்டு, அவசரத்துக்கு ஆகும், ஆனால் அதைச் சேர்த்ததை மறந்துவிட்டு மூன்று மாதம் கழித்துத் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். உண்மையில் மாற வேண்டியது அலுவலகம்தான். பத்துப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்தால் பத்து வீட்டு ரூட்டரை மாற்றச் சொல்வதைவிட, அலுவலகத்தை 10 என்று தொடங்கும் ஏதாவதொரு தொகுதிக்கு ஒரு விடுமுறை நாளில் மாற்றிவிடுவது மேல். ஐ.டி. பிரிவில் இதையே சொல்லுங்கள்.

அந்தப் பிழை எண்ணைப் பற்றி ஒரு துணுக்கு: கமாண்ட் பிராம்ப்டில் இதே கோளாறு 53 என்ற எண்ணோடு வரும். இரண்டும் ஒன்றேதான், ஹெக்ஸாடெசிமல் என்ற பதினாறின் அடிப்படைக் கணக்கில் 35 என்றால் நம் கணக்கில் 53.

கேள்வி: எனக்கு ஐ.பி. எண்ணைப் போட்டால் ஃபோல்டர் திறக்கிறது. சர்வரின் பெயரைப் போட்டால் திறப்பதில்லை. எண்ணையே பயன்படுத்திக்கொண்டு போகலாமா?

பதில்: இன்றைக்கு வேலை நடக்க வேண்டுமென்றால் போங்கள். நிரந்தரமாக வேண்டாம். பெயரைப் போட்டால் விண்டோஸ் கெர்பரோஸ் முறையில் உங்களை அடையாளம் காட்ட முயலும். எண்ணைப் போட்டால் வழக்கமாகப் பழைய என்.டி.எல்.எம். முறைக்கு இறங்கிவிடும். அந்தப் பழைய முறையைப் பல நிறுவனங்கள் மூடிக்கொண்டே வருகின்றன, மூடுகிற நாளில் உங்கள் எண்ணும் வேலை செய்யாது.

அலுவலகத்துக்குள் இருக்கும்போது 'சர்வர்' என்று சும்மா அடித்தாலே போதும், ஏனென்றால் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் "அந்தப் பெயர் யாருக்கு?" என்று எல்லோருக்கும் கேட்கிறபடி கத்தியாவது தெரிந்துகொள்ளும். அந்தக் கத்தல் வி.பி.என்.னைத் தாண்டுவதில்லை. வெளியில் இருக்கும்போது டி.என்.எஸ்.தான் பெயருக்கு எண் சொல்ல வேண்டும், உங்கள் லேப்டாப்போ வீட்டு ரூட்டரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கும், அதற்கு உங்கள் அலுவலக சர்வரைப் பற்றி என்ன தெரியும்? 'என்எஸ்லுக்கப்' கட்டளையோடு சர்வர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். மேலே முதல் இரண்டு வரிகளில் பதில் சொல்லும் டி.என்.எஸ்.ஸின் பெயரும் முகவரியும் வரும், அது அலுவலகத்துடையதா வீட்டு ரூட்டருடையதா என்பதுதான் கேள்வி. வீட்டுடையது என்றால் வி.பி.என். இணைப்பில் அலுவலக டி.என்.எஸ். முகவரியையும் டொமைன் பின்னொட்டையும் (சர்வர் பெயருக்குப் பின்னால் வரும் அலுவலகப் பெயர்) சேர்க்கச் சொல்லி ஐ.டி. பிரிவில் கேளுங்கள். அதற்கு முன் டொமைனோடு சேர்த்து முழுப்பெயரைப் போட்டுப் பாருங்கள், சில சமயம் அதிலேயே காரியம் முடிந்துவிடும்.

கேள்வி: எங்களுக்கு சர்வர் என்று தனியாக எதுவும் இல்லை. அலுவலகத்தில் ஒரு சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபோல்டரைப் பகிர்ந்திருக்கிறோம். உள்ளே எல்லோருக்கும் திறக்கிறது, வி.பி.என்.னில் வருகிறவர்களுக்கு மட்டும் இல்லை. பிங் (அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) செய்தாலும் பதில் இல்லை.

பதில்: வி.பி.என்.னில் வருகிறவர்களுக்குத் தனி எண் வரிசை கிடைக்கிறதா என்று பாருங்கள், உதாரணமாக 10.8.0 என்று. விண்டோஸ் ஃபயர்வாலில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' விதிகள் பலவற்றில் 'உள்ளூர் சப்நெட் மட்டும்', அதாவது அதே எண் வரிசையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்றுதான் வைத்திருக்கும். 10.8.0-இலிருந்து வருகிறவர் அதன் கண்ணுக்கு வெளியாள், கதவைத் திறக்காது. பிங்குக்குப் பதில் தருகிற விதியும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறது, அதனால் பிங் வரவில்லை என்பதற்காக வி.பி.என்.னே பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபைல் பகிர்வுக்கான வாசலான 445 போர்ட்டுக்குரிய உள்வரும் விதியின் பண்புகளைத் திறந்து 'ஸ்கோப்' தாளில் வி.பி.என். வரிசையைச் சேருங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிடுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால், சோதனைக்காக இரண்டு நிமிடம் என்றால்கூட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: பாஸ்வேர்டு கேட்கிறது, சரியாகத்தான் போடுகிறேன், திரும்பத் திரும்பக் கேட்கிறது.

பதில்: பெட்டியில் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் டொமைன் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். உங்கள் சொந்த லேப்டாப்பின் பெயர் அங்கே இருந்தால், அலுவலக சர்வருக்கு யாரென்றே தெரியாத ஒருவராக நீங்கள் போய் நிற்கிறீர்கள். டொமைன் பெயர், பின்சாய்வுக் கோடு, பயனர் பெயர் என்று முழுசாக அடியுங்கள். அதுவும் ஆகவில்லையென்றால் கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' போய், அந்த சர்வர் பெயரில் சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டை அழியுங்கள். போன வாரம் பாஸ்வேர்டு மாற்றினீர்களா? அப்படியானால் அந்தப் பழையது உங்கள் முதுகுக்குப் பின்னால் முயன்று முயன்று கணக்கையே பூட்டியிருக்கலாம். 1219 என்ற எண் வந்தால் அதே சர்வரில் ஏற்கெனவே வேறு பெயரில் நுழைந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், பழைய டிரைவ் இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி வாருங்கள்.

கேள்வி: திறக்கிறது, ஆனால் ஆமை வேகம். இணைய வேகத்தைக் கூட்டினோம், ஒன்றும் மாறவில்லை.

பதில்: மாறாது. எஸ்.எம்.பி. என்கிற இந்த ஃபைல் பகிர்வு முறை நிறையப் பேசும்: ஃபோல்டரைத் திற, பட்டியல் கொடு, இந்த ஃபைலின் தேதி என்ன, அனுமதி என்ன என்று ஒவ்வொன்றுக்கும் போய்ப் போய் வரும். ஒரு ஃபோல்டருக்கு ஆயிரம் முறை போய்வர வேண்டுமென்று வையுங்கள், அலுவலகத்துக்குள் ஒரு முறைக்கு 1 மில்லிசெகண்ட், மொத்தம் ஒரு விநாடி. வீட்டிலிருந்து 60 மில்லிசெகண்ட் என்றால் அதுவே ஒரு நிமிடம். குழாயைப் பெரிதாக்கினாலும் தூரம் குறைவதில்லை. வேர்ட், எக்செல் ஃபைலை லேப்டாப்புக்கு நகலெடுத்து, வேலையை முடித்துத் திருப்பிப் போடுங்கள், அதற்குள் வேறொருவர் அதே ஃபைலைத் திருத்தாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபைலை மட்டும் வி.பி.என். வழியே நேராகத் திறக்கவே திறக்காதீர்கள், நடுவில் இணைப்பு அறுந்தால் ஃபைலே கெடலாம். அதற்கு ரிமோட் டெஸ்க்டாப்தான் சரி. ஃபைல் அங்கேயே இருக்கும், படம் மட்டும் உங்களிடம் வரும்.

சின்ன ஃபைல் சட்டென்று வந்து, பெரிய ஃபைல் மட்டும் பாதியில் உறைந்தால் அது வேறு வியாதி. பாக்கெட்டை (நெட்வொர்க்கில் போகும் தரவுப் பொட்டலம்) துண்டாக்காதே என்ற தேர்வோடு சர்வருக்கு 1472 பைட் அளவில் பிங் அனுப்புங்கள், தலைப்புக்கான 28-ஐச் சேர்த்தால் 1500 வரும். வி.பி.என். தன் உறையையும் சேர்ப்பதால் அது போகாது. போகிற அளவு வரும்வரை குறைத்துக்கொண்டே வந்து, அதோடு 28 கூட்டி வி.பி.என். இணைப்பின் எம்.டி.யூ. (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மதிப்பாக வையுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு, ரூட்டரில் 445 போர்ட்டைத் திறந்துவிட்டால் வி.பி.என்.னே தேவையில்லை என்கிறார் நண்பர்.

பதில்: வேண்டாம். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது இந்த 445 வழியாகத்தான்.

கேள்வி: வி.பி.என். இணைத்ததும் வீட்டுப் பிரிண்டர் வேலை செய்வதில்லையே?

பதில்: உங்கள் அலுவலக வி.பி.என். வீட்டு நெட்வொர்க்கை வேண்டுமென்றே மறைக்கிறது, பாதுகாப்புக்காகச் செய்கிற ஏற்பாடுதான். துண்டித்துவிட்டு அச்செடுங்கள், இல்லையென்றால் யு.எஸ்.பி. கேபிளைச் செருகுங்கள்.