கிந்தாவின் ஈயமும் விண்மீனின் நியூட்ரானும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன் நான். பிறகு பல ஆண்டுகள் வெளிநாட்டில் நியூட்ரான் ஆய்வுக்கூடங்களில் வேலை. தைப்பூசத்துக்கு ஊர் வந்தபோது கோயில் மண்டபத்தில் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். அன்று வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

கேள்வி (ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி): தம்பி, நம் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டினோமே ஈயம், அது எங்கிருந்து வந்தது?

ஐயா, நாம் ஈயம் என்று சொன்னது வெள்ளீயம். கருங்கல் பாறை ஆறும்போது அதிலிருந்து கசிந்த சூடான நீர்மம் வெள்ளீயத்தைப் பிளவுகளில் சேர்த்தது. ஆனால் அந்த அணுக்கள் பூமியைவிட வயதானவை. விண்மீனுக்குள் இரும்பு அணுக்கருவில் நியூட்ரான் என்ற துகள் நுழைகிறது. அதற்கு மின்னூட்டம் இல்லை, ஆகவே தடுப்பாரும் இல்லை. கரு கனக்கிறது, பிறகு பீட்டா சிதைவில், அதாவது உள்ளே ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது, அடுத்த தனிமமாகிறது. விடிகாலையில் பால்மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டுமே, அதுபோல மெதுவாக நடப்பது ஒரு வழி. நியூட்ரான் விண்மீன்கள் (இறந்த விண்மீன்களின் அடர்ந்த மிச்சம்) மோதும்போது நியூட்ரான் மழையாகக் கொட்டி மங்கு வழிவது இன்னொரு வழி. வெள்ளீயத்தில் பெரும்பங்கு சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது. வெள்ளீயம்-124ஓ (எண் கருவின் எடையைக் குறிக்கும்) மழையில் வந்தது. அதற்கு முந்தைய 123இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதையும் காலம், 129 நாள். சொட்டு அடுத்து விழுவதற்குள் அது சிதைந்துவிடும்.

கேள்வி (ஆறாம் படிவ மாணவி): இதை யாராவது கண்ணால் பார்த்தார்களா, அண்ணா?

1952இல் பால் மெரில் என்ற வானியலாளர் சில விண்மீன்களின் ஒளியில் டெக்னீசியம் என்ற தனிமத்தைக் கண்டார். அதற்கு நிலையான ஐசோடோப்பே (ஒரே தனிமத்தின் வேறு எடை வகை) கிடையாது. நட்சத்திரத்தின் வயதோடு பார்த்தால் சீக்கிரம் அழிந்துபோகும். ஆகவே அங்கேயே புதிதாகச் சமைந்திருக்க வேண்டும். 2017இல் பதிவான நியூட்ரான் விண்மீன் மோதலின் ஒளியில், இரும்பைவிடக் கனமான ஸ்ட்ரான்சியம் இருப்பதை 2019இல் இனங்கண்டார்கள். பத்திரிகைகள் அந்த மோதலில் உண்டான தங்கத்தைப் பற்றியே பெரிதாக எழுதின. எனக்கு அந்த டெக்னீசியம்தான் பெரிய செய்தி.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியர்): நட்சத்திரத்துக்குள் நடப்பதைப் பூமியில் எப்படி அளப்பது?

ஒரு கரு நியூட்ரானைப் பிடிக்கும் வாய்ப்பைக் குறுக்குவெட்டு என்கிறோம். அது நியூட்ரானின் வேகத்தைப் பொறுத்து மாறும். அங்கேதான் எல்லாத் தொல்லையும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் புரோட்டான் துடிப்பு காரீயத்தில் மோதுகிறது (நம் ஊர் வெள்ளீயம் அல்ல, சார்). ஒரு புரோட்டானுக்கு ஏறக்குறைய 300 நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அவற்றை 185 மீட்டர் குழாயில் ஓடவிடுகிறார்கள். மோதலில் எழும் ஒளி 0.6 மைக்ரோ விநாடியில் வந்து கடிகாரத்தைத் தொடக்கிவிடும். விண்மீனின் 35 கோடி கெல்வின் வெப்பத்துக்கு ஈடான 30 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரான் வர 77 மைக்ரோ விநாடி ஆகும். வந்த நேரம் தெரிந்தால் வேகம் தெரியும். குழாய் முனையில் வைத்த மாதிரித் துண்டில் பிடிபட்டதும் கரு காமா கதிர்களை உமிழும்; அவற்றை எண்ணுகிறோம்.

எண்ணுவதற்குள் தலை நரைக்கும். வெள்ளீயம் நியூட்ரானைப் பிடிப்பதைவிடச் சிதறடிப்பதே மிக அதிகம். சிதறியவை உணர்கருவிக்குள் பிடிபட்டுப் பொய்க் காமாவைத் தரும். அதனால்தான் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) சேர்த்த பென்சீனை உணர்கருவித் திரவமாகக் கார்பன் இழைக் கூட்டில் அடைக்கிறோம். இரண்டுமே நியூட்ரானுக்கு ஆசைப்படாதவை. ஒருமுறை, பின்புலத்தைக் கழிக்கத் தேவையான, மாதிரித் துண்டு இல்லாத வெற்று ஓட்டத்தைப் பதிவு செய்ய மறந்தேன். மூன்று இரவுத் தரவு குப்பைக்குப் போனது.

கேள்வி (நகைக்கடை ஊழியர்): ஆய்வில் தங்கத்துக்கு வேலை உண்டா?

உண்டு. எங்கள் படிக்கல்லே அதுதான். தங்கத்தின் குறுக்குவெட்டு நன்கு தெரிந்தது, 30 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் சுமார் 0.6 பார்ன் (குறுக்குவெட்டின் அலகு). வெள்ளீயம்-120க்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிடிக்கத் தயங்கும் கருக்கள்தான் விண்மீனில் குவிகின்றன.

கேள்வி (அதே மாணவி): மலேசியாவில் செய்ய முடியாதா?

பாங்கியில் 1982 முதல் ஒரு மெகாவாட் திரிகா வகை ஆய்வு அணு உலை இருக்கிறது. அங்கே கிடைப்பவை பெரும்பாலும் அறை வெப்பத்துக்குத் தணிந்த நியூட்ரான்கள். விண்மீனின் வேகம் வராது. ஆனால் ஒரு பொருளில் என்னென்ன தனிமம் உண்டு என்று கண்டறிய அருமையானவை. தங்கத் தகட்டை வைத்தால் அதில் சில அணுக்கள் தங்கம்-198 ஆகும், 2.7 நாளில் அவற்றில் பாதி பாதரசமாகிவிடும். சித்தர்கள் பாதரசத்தைத் தங்கமாக்கப் பார்த்தார்கள், நாங்கள் தலைகீழ். அம்மாவின் சங்கிலியைக் கேட்டுவிடாதே, தங்கச்சி.