எடைக் கூலியும் முதல் பரிசும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவில் குளுவாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறேன். எங்கள் நிறுவனத்துக்குப் பல ஆலைகள். மாதந்தோறும் குலையிலிருந்து எடுக்கும் எண்ணெயின் விழுக்காட்டை வைத்து முதலிடம், கடைசி இடம் என்று பட்டியல் ஒட்டுகிறார்கள். குலையை வேகவைக்கும் நேரத்தில் நாங்கள் செய்த சிறு மாற்றத்தால் மூன்று மாதமாக முதலிடம் எங்களுக்குத்தான். இப்போது ‘அறிவுப் பகிர்வு’ என்று படிவம் அனுப்பி, அதை எழுதித் தரச் சொல்கிறார்கள். இரண்டு வரி எழுதி ஒப்பேற்றிவிட்டேன். தவறா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

தவறுதான், ஆனால் பெரும்பங்கு அந்தப் பட்டியலை ஒட்டியவர்களுடையது.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பால் எடுத்தவர். எடைக்குக் கூலி. அடுத்த நிரைக்குப் புதிதாக வந்த பெண் பட்டையை ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்துவதைப் பார்த்து, கையைப் பிடித்துக் கத்தியின் சாய்வைக் கற்றுக்கொடுத்தார். அவள் வாளி நிறைந்தால் அம்மாவின் வாளி குறையாதே! பிறகு ஓர் ஆண்டு, அதிகப் பால் கொண்டுவருபவருக்கு முதல் பரிசு என்றது நிர்வாகம். பரிசு ஒரு சுடுநீர்க் குடுவை. அந்த ஆண்டு முழுவதும் அம்மா யாருக்கும் கத்தி தீட்டிக் கொடுக்கவில்லை. அம்மா கெட்டுப்போகவில்லை, கணக்கு மாறிவிட்டது.

படித்தவர்கள் கூடும் இடத்திலும் இதே கதைதான். மைக்ரோசாப்டில் ஒரு குழுவுக்குள்ளேயே ஊழியர்களை வரிசைப்படுத்தி மதிப்பிட்டார்கள்; பக்கத்திலிருப்பவர் ஏறினால் தான் இறங்க வேண்டும். 2013இல் அதைக் கைவிட்டார்கள்.

உங்கள் ஊரிலேயே நேரெதிரான கதை ஒன்று உண்டு. முன்பு செம்பனைப் பூவுக்கு ஆட்களே மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. 1981இல் கேமரூனிலிருந்து வந்த, மகரந்தம் சுமக்கும் ஒரு சிறு வண்டைக் குளுவாங் தோட்டங்களில் விட்டார்கள். அது எல்லைக்கல் பார்க்காமல் அடுத்தவர் தோட்டத்துக்கும் பறந்தது. அதனால் விட்டவர்களின் குலை ஒன்றும் சிறுத்துவிடவில்லை.

இனி உங்கள் பங்கு. எண்ணெய் விழுக்காட்டைக் கூட்டும் வழியை மறைத்தால் நிறுவனத்துக்குப் பண இழப்பு. அது நிறுவனம் தேடிக்கொண்டது. ஆனால் அந்த மாற்றத்தில் நீராவி அழுத்தமோ குலை வேகவைக்கும் கலனின் கதவுப் பூட்டோ சம்பந்தப்பட்டிருந்தால், படிவத்துக்குக் காத்திராமல் இன்றே மற்ற ஆலைகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அங்கே கதவருகில் நிற்பவன் உங்களுக்குப் போட்டியாளன் அல்லன்.

மற்றதை எழுதும்போது, இந்த முறையால் வேறோர் ஆலை ஏறினால் அதில் எங்களுக்கும் பங்கு உண்டா என்று படிவத்தின் அடியில் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.